அஞ்சு மணி ஆடிட்டர்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரி ஷட்டரை இறக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். கல்யாண கோஷ்டி எந்த நேரத்தில் வேனில் வந்து இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆடிட்டரிடம் பேச வேண்டியதெல்லாம் ராத்திரி எட்டரைக்குக் கடை மூடிய பிறகுதான். அவர்களுக்கு அதுதான் ஓய்வு நேரம். வெற்றிலையை மென்றுகொண்டு ஆடிட்டரின் ஆபீஸுக்கு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, போகிற போக்கில் வரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் என்னைக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள்.

என் பெயர் பெருந்தேவி. அவர் ஸௌந்தரராஜன். சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. காந்தி ரோட்டில் ஒரு மாடியில் அவருடைய ஆபீஸ். அவரை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னிடம் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. குரலை உயர்த்துவதற்கு முதலில் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

ஊரில் எல்லாருக்கும் ஆடி மாதம் ஓய்வு. முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்டுவார்கள். என் வீட்டுக்காரருக்கோ ஆடிதான் உச்சம். ஜூலை முடிவதற்குள் எல்லாருடைய வரிக்கணக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். கடையில் வேலை இல்லாத முதலாளிகள் எல்லாரும் பொழுது போகாமல் இவரிடம் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஜூலை முடிந்தால் அக்டோபர், அக்டோபர் முடிந்தால் மார்ச். எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்று முடியட்டும் என்றுதான் பதில் வரும்.

எங்கள் பெண் ஸிந்துஜா ப்ளஸ் ஒன் சேர்ந்தபோது ஆசையாக ஒரு ஸ்கூட்டி வாங்கினார். கருநீல நிறம். யார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டாள். நானே கற்றுத்தருகிறேன், அக்டோபர் முடியட்டும் என்றார். அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்கும் கத்துக்குடுங்கோளேன்" என்றேன். "நீயா? நீ எங்க போகப் போறே?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் வண்டியில் தூசி படியாமல் இருக்க என்னுடைய பழைய நைலக்ஸ் புடவை ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினேன். அவள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்தபோதும் அந்தப் புடவை அதன்மேல்தான் கிடந்தது.

சித்திரையில் ஒரு நாள் காந்தி ரோட்டில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. கடைகளில் ஜெனரேட்டர் ஓடியது. இவருடைய மாடியில் அது கிடையாது. புழுங்கிப்போய், வேறு வழியில்லாமல், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து மணியை அடித்தார். நான் சமையலறையில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தேன். கூடத்தில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்த ஸிந்துஜா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கத்தினாள்.

"அப்பா ஆத்துல இல்லை. எட்டரைக்கு மேல ஆபீஸ்ல போய்ப் பாருங்கோ. யாருன்னு பேரைச் சொல்லிட்டுப் போங்கோ, வந்தா சொல்லிடறேன்."

சின்ன வயதிலிருந்து சாயங்காலம் மணி அடித்தால் அவள் சொல்லிப் பழகியது அது. ஸ்லோகம் மாதிரி மூச்சு விடாமல் சொல்வாள். வெளியே யாரும் பேரைச் சொல்லவில்லை, போகவும் இல்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸிந்துஜாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது சாதத்தில் சாத்தமுது, அதாவது ரசம், ஊற்றிய பிறகும் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இவ எப்ப கோயமுத்தூர் போகணும்?"

"ஜூன் கடைசியில. காலேஜ் திறந்துடும். இனிமே ஹாஸ்டல்தான்."

"அப்போ இன்னும் கொஞ்ச நாள்தான் ஆத்துல இருப்பா" என்றார். அதைப் பதினேழு வருஷமாக வீட்டிலேயே இருந்த என்னிடம் புதுச் செய்தி மாதிரி சொன்னார்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் போர்டு தொங்கியது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. டைப்பிஸ்ட் லில்லி எனக்குப் போன் பண்ணினாள். "அம்மா, சாருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? அஞ்சு மணிக்கு என்னையும் கிளம்பச் சொல்றார்" என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ சந்தோஷமாகக் கிளம்பு என்றேன். எனக்கும் நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் தாங்கினால் வரதருக்குப் புளியோதரை என்று வேண்டிக்கொண்டேன்.

சொன்னபடி வந்தார். வந்து என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. ஸிந்துஜாவின் சாயங்காலங்கள் முன்னாடியே நிரம்பியிருந்தன. கம்ப்யூட்டர் கிளாஸ், சிநேகிதி வீடு, ஹிந்தி. நான் ஸஹஸ்ரநாமம் சேவிக்கிற கோஷ்டிக்குப் போய்விடுவேன். வெறும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சமையலறைக்குள் வந்துவிட்டார்.

"ரெண்டு பாக்கெட் பால் எதுக்கு? மூணு பேர்தானே இருக்கோம்?"

"நீங்க இப்ப சாயங்காலமும் காபி குடிக்கறேளே, அதுக்கு."

"போன மாசமும் ரெண்டுதானே வாங்கினே?"

"ஏன்னா, இங்கே ஆடிட் பண்ண யாரும் உங்களைக் கூப்பிடலை. தூணோரமா உக்காந்து தேங்காயைத் துருவிக் குடுங்கோ."

துருவினார். பாதி தேங்காய் பாத்திரத்துக்குள் விழுந்தது. ஓடும் சேர்ந்தே விழுந்தது. அன்றைக்குப் பொரியல், எங்கள் பாஷையில் கரமது, கொஞ்சம் நறநறவென்று இருந்தது. ஸிந்துஜா அதை மென்று விழுங்கிவிட்டு, "அப்பா, தேங்காயை விட்டுடுங்கோ. எனக்கு வண்டி கத்துக்குடுங்கோ" என்றாள். அவருக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது.

நைலக்ஸ் புடவையை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தார்கள். தெருவில் கூட்டம் என்பதால் செவிலிமேடு பக்கம் புதிதாக மனை போட்டிருந்த இடத்துக்குப் போனார்கள். ரோடு மட்டும் இருக்கும், வீடு இருக்காது. அவள் ஓட்டுவாள். இவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஓடுவார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷர். முதல் வாரம் முட்டியில் தைலம் தேய்க்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இருட்டுவதற்குள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். அப்பா தடுக்கி விழப்போன கதையை அவள் சொல்வாள், இல்லவே இல்லை என்று அவர் சாதிப்பார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பெண்ணிடமே பொறாமையா என்று கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். இவள் ஊருக்குப் போனதும் போர்டைக் கழற்றிவிடுவார், எட்டரை மணி திரும்ப வந்துவிடும், நான் மட்டும் தனியாக அதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பயமாக இருந்தது. இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குள் ஊர் வேறு கணக்குப் போட்டுவிட்டது.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் பாதிக்கு இவர்தான் ஆடிட்டர். அப்படிப்பட்டவர் வைகாசி முகூர்த்தம் கொடிகட்டிப் பறக்கிற நேரத்தில் அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டுகிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? பெண்ணோடு இருக்கத்தான் என்பது யாருக்கும் காரணமாகத் தோன்றவில்லை. வருமான வரி ரெய்டு வரப்போகிறது, ஆடிட்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அதனால் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்குகிறார் என்று ஒரு கடையில் கிளம்பிய பேச்சு மறுநாள் எல்லாக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. செவிலிமேட்டில் ஆடிட்டர் வேஷ்டியை மடித்துக்கொண்டு ஓடுவதை டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டார். முன்னால் போன வண்டியை அவர் பார்க்கவில்லை. ஓட்டத்தை மட்டும் பார்த்தார்.

கண்ணாயிரம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையார்பாளையத்தில் வீடு, காந்தி ரோட்டில் பெரிய கடை. இவருக்கு முதல் கட்சிக்காரர் அவர்தான். மற்ற கடைக்காரர்களை அழைத்து வந்ததும் அவர்தான். வழக்கமாக வாசலிலிருந்தே குரல் கொடுப்பவர், அன்றைக்குக் கூடத்துக்குள் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"சார் எங்கம்மா?"

"பொண்ணுக்கு ஸ்கூட்டி கத்துக்குடுக்கப் போயிருக்கார்."

"ஸ்கூட்டியா?"

"ஆமாம். செவிலிமேட்டுல. இருட்டறதுக்குள்ள வந்துடுவார். உக்காருங்கோ, காபி தரேன்."

கண்ணாயிரம் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"புரியுதும்மா. சார் இன்னா சொல்லச் சொன்னாரோ அதச் சொல்றீங்க. தப்பில்ல. கூடவே இருந்துக்கினு எங்கள காட்டிக் குடுக்காம இருக்காரே, அதுவே பெருசு. நான் வந்தத மட்டும் யார்ட்டயும் சொல்லாதீங்க."

"நிஜமாவே ஸ்கூட்டிதான்."

"சரிம்மா, ஸ்கூட்டியே இருக்கட்டும்" என்று எழுந்தவர், கதவருகில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

உண்மையைச் சொல்லி ஊரையே கலக்கியது அன்றைக்கு நான்தான். ஆடிட்டர் ஒதுங்குகிற நேரத்தில்தான் ரெய்டு வரும் என்ற கணக்கில், மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கண்ணாயிரம் கடை ஷட்டர் இறங்கியது. அவர் இறக்கினார் என்றதும் பக்கத்துக் கடை, எதிர்க்கடை என்று வரிசையாக இறங்கின. வேலூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்த கல்யாண கோஷ்டி இன்றைக்கு என்ன துக்கம் என்று டீக்கடையில் விசாரித்ததாக லில்லி சொன்னாள். அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது.

எனக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது பெரியநாயகி வந்தபோதுதான். கண்ணாயிரத்தின் மனைவி. கை நிறைய மல்லிகைப் பூவோடு வந்தாள்.

"மாமி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கக் கூடாது. இந்த ரெய்டு எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"எந்த ரெய்டு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. அவளுக்குக் கவலை ரெய்டைப் பற்றி இல்லை என்பதும் புரிந்தது.

"அஞ்சரைக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துடறார் மாமி. மொத ரெண்டு நாளு இங்க அங்க நடந்துக்கினே இருந்தார். நேத்து கச்சபேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிக்கினு போனார். நான் கேக்கவே இல்ல, அவராத்தான் கெளம்பினார். குளக்கரையில ஒக்காந்து ரெண்டு பேரும் வேர்க்கடல துன்னோம். எதுக்கும் அவசரம்னு சொல்லல. எங்க தெருவுல எல்லா ஊட்லயும் இதே கதைதான். அதான் கேக்கறேன். கொஞ்சம் நீட்டிச்சு வைக்கச் சொல்ல முடியுமா?"

"என் கையில என்னம்மா இருக்கு?" என்றேன். பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். ரெய்டு இல்லை என்ற விஷயத்தை அன்றைக்கு அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அதற்கடுத்த நாளே குட்டு உடைந்தது. சாயங்காலம் கண்ணாயிரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுபடியும் வந்தார். எங்கள் வாசலில் வந்து நிற்கவும், தெருக்கோடியில் ஸ்கூட்டி திரும்பவும் சரியாக இருந்தது. அன்றுதான் முதல்முறையாக ஸிந்துஜா வீடுவரை ஓட்டி வந்தாள். பின்னால் வேர்த்து விறுவிறுத்து இவர் ஓடி வந்தார். அவள் பிரேக் பிடித்த இடம் கண்ணாயிரத்தின் வேஷ்டிக்கு ஒரு சாண் முன்னால்.

கண்ணாயிரம் வண்டியைப் பார்த்தார். ஸிந்துஜாவைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஆடிட்டரைப் பார்த்தார்.

"நெஜமாவே ஸ்கூட்டியா?" என்றார். ஏமாந்துபோன குரலில்தான் கேட்டார்.

"பின்ன?" என்றார் இவர்.

"இதுக்கா சார் நான் வைகாசி மாசத்துல கடைய சாத்தினேன்?"

"உங்களை யார் சாத்தச் சொன்னா?"

கண்ணாயிரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். வெளியில் யார்மேலும் காட்ட முடியாததால் இவர்மேல் காட்டினார். "சார், இதெல்லாம் நமக்கு சரிப்பட்டு வராது. கட மூடனப்பறம் நீங்க இருந்தாத்தான் எங்களுக்கு தோது. நாளையிலேர்ந்து பழையபடி ஒக்காருங்க. இல்லன்னா சொல்லிடுங்க, நான் மெட்ராஸ்ல ஒரு ஆடிட்டரப் பாத்துக்கறேன். நான் போனா மத்தவங்களும் வருவாங்க."

இந்த மாதிரி ஒரு வார்த்தைக்கு இவர் பணிந்துபோவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸிந்துஜா வண்டியிலிருந்து இறங்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள். இவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாயிரம், வரதர் கோயில்ல மத்தியானம் நடை சாத்தினா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறக்கறா. நீங்க போய்க் கதவைத் தட்டறேளா?"

"சாமிக்கு ஜூலை முப்பத்தொண்ணு கெடையாது சார்."

எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "காலைல வாங்கோ. உங்களுக்காக எட்டு மணிக்கே திறக்கறேன். சாயங்காலம் முடியாது" என்றார். கண்ணாயிரம் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். ஸிந்துஜா மறுபடி வண்டியைக் கிளப்பி, "அப்பா, இன்னும் வெளிச்சம் இருக்கு. இன்னொரு ரவுண்டு" என்றாள். இவர் மறுபடியும் ஓடினார்.

சொன்னபடி கண்ணாயிரம் மெட்ராஸுக்குப் போனார். இன்னும் சிலரும் போனார்கள். வீட்டில் இவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் ராத்திரி புரண்டு புரண்டு படுப்பது எனக்குத் தெரியும். ஸிந்துஜா வண்டியில் தேறிவிட்டாள். இவரைப் பின்னால் உட்கார வைத்துக் காந்தி ரோடு வழியாகவே ஒரு நாள் கூட்டிப் போனாள். ஆடிட்டர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி போனதாகக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் கடைசியில் அவளைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, நைலக்ஸ் புடவையைத் தேடி எடுத்து ஸ்கூட்டிமேல் போர்த்தியதுதான். இனிமேல் அதை ஓட்ட யார் இருக்கிறார்கள்?

ஆடி பிறந்தது. பெரியநாயகி மறுபடி வந்தாள். அந்த மெட்ராஸ் ஆடிட்டர் சாயங்காலம் அஞ்சரைக்கு ஆபீஸைப் பூட்டிவிடுகிறாராம், சனிக்கிழமை திறப்பதே இல்லையாம். கண்ணாயிரம் பஸ் பிடித்துப் போய் இரண்டு தடவை பூட்டைப் பார்த்துவிட்டு வந்தாராம். சொல்லிவிட்டு அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரமே கண்ணாயிரம் காலை எட்டு மணிக்கு இவருடைய ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததாக லில்லி சொன்னாள். போனதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

போர்டை அவர் இன்னும் கழற்றவில்லைதான், ஆனாலும் எல்லாரும் திரும்பிவிட்டால் அந்தப் பழைய நேரமும் திரும்பிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஜூலை கடைசி வாரம். எந்த வருஷமும் அந்த வாரத்தில் இவர் வீட்டில் ராத்திரி சாப்பாடு சாப்பிட்டதே கிடையாது. சாயங்காலம் ஒரு டம்ளர் காபிக்கு மட்டும் பால் வைத்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. எனக்கு அழுகைகூட வந்தது, எதற்கு என்று கேட்க ஆள் இல்லாததால் அதுவும் நின்றுவிட்டது. அப்போது வாசல் மணி அடித்தது.

"அவர் ஆத்துல இல்லை" என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன். "எட்டரைக்கு மேல ஆபீஸ்ல போய்ப் பாருங்கோ."

"ஆபீஸைப் பூட்டியாச்சே" என்றது குரல்.

போய்த் திறந்தேன். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கையில் என் நைலக்ஸ் புடவை மடித்தபடி இருந்தது. அவருக்குப் பின்னால் ஸ்கூட்டி தூசி தட்டித் துடைத்து நின்றது.

"ஜூலை முடியலையே?" என்றேன்.

"அது பாட்டுக்கு முடியட்டும். புடவையை இழுத்துச் சொருகிண்டு வா. செவிலிமேடு வரைக்கும் நான் ஓட்டறேன். அங்கேருந்து நீ ஓட்டு."

"நானா? நான் எங்க போகப் போறேன்?"

ஸ்கூட்டி வாங்கிய அன்றைக்குத் தானே சொன்ன வார்த்தை அது என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வேணும்னாலும் போ. நான் பின்னாலயே ஓடி வரேன்" என்றார். "சாவியை எடுத்துண்டு வா."

உள்ளே போனேன். சாவி எப்போதும்போல் கண்ணெதிரே ஆணியில்தான் தொங்கியது. அது கண்ணில் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.